முன்னாள் மாணவியர் நினைவுச் சுவர்: பதிவேட்டிலிருந்து பலகை வரை

பெண்கள் பள்ளிக்கு நூற்றாண்டு விழா வருகிறதென்றால், "நம் பள்ளியில் படித்த புகழ்பெற்றவர்கள்" என்று ஒரு பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அவர்களுக்கு நினைவுச் சுவரில் ஆளுக்கொரு பலகை வைப்பதென்றால், அந்தப் பட்டியலை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். முதலில் சேர்க்கைப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் சேர்க்கை எண், சேர்ந்த ஆண்டு, சேர்ந்த வகுப்பு, விலகிய ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேடு கரையானுக்குப் போயிருந்தால் டி.சி. அடிக்கட்டை, மதிப்பெண் பதிவேடு, ஆண்டு மலர் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

தேடும்போது பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். ஊரறிந்த பெயருக்கு முன்னால் கணவரின் இனிஷியல் இருக்கும், பதிவேட்டில் தந்தையின் இனிஷியல் இருக்கும். அதனால் தந்தையின் பெயர், அப்போது குடியிருந்த ஊர், பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டு ஆகியவற்றை முதலில் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய பதிவேடுகளில் பிறந்த தேதி பலருக்குச் சேர்க்கைக்காகத் தோராயமாகச் சொன்னது. குடும்பம் சொல்லும் தேதியோடு அது மோதினால் பலகையில் ஆண்டு மட்டும் போதும்.

யாரை "நம் மாணவி" என்று சொல்லலாம்? கொல்கத்தாவில் 1849-இல் தொடங்கிய பெத்தூன் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் காதம்பினி கங்கூலி முதலில் படித்தது வங்க மகிளா வித்யாலயத்தில். அது 1878-இல் பெத்தூனோடு இணைந்ததால் அவர் பெத்தூன் மாணவியானார். இரண்டு பள்ளிகளின் பெயரையும் எழுதுவதுதான் நேர்மை. அவரும் பெத்தூனில் உடன் படித்த சந்திரமுகி பாசுவும் பட்டதாரிகளான ஆண்டு சில நூல்களில் 1882, சிலவற்றில் 1883. இப்படி வந்தால் தேர்வில் தேறிய ஆண்டா, பட்டமளிப்பு விழா ஆண்டா என்பதைப் பலகையிலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். விடுதலைப் போராளி பிரீத்திலதா வதேதார் பள்ளிப் படிப்பை முடித்தது இன்றைய வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங்கின் டாக்டர் காஸ்தகிர் பெண்கள் பள்ளியில். பட்டப்படிப்புக்குத்தான் பெத்தூன் கல்லூரிக்கு வந்தார். எனவே பெத்தூன் கல்லூரி அவரைத் தன் மாணவி எனலாம், பெத்தூன் பள்ளி சொல்லக் கூடாது.

பலகை வாசகம் 100 முதல் 120 சொற்கள். முதல் வாக்கியத்தில் அவர் செய்த வேலை வர வேண்டும். யாருடைய மகள், யாருடைய மனைவி என்பது பின்னால் வரட்டும். தண்டனையையும் தடையையும் மறைக்காதீர்கள். பிரீத்திலதா 1932-இல், 21 வயதில், சிட்டகாங்கின் பகார்தலி ஐரோப்பியர் கிளப் மீதான தாக்குதலுக்குத் தலைமை தாங்கி உயிர்விட்டார். ஆங்கிலேய அரசு நிறுத்திவைத்த அவருடைய பட்டத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 2012-இல்தான் வழங்கியது. "விடுதலைப் போராட்ட வீராங்கனை" என்ற மூன்று சொல்லோடு நிறுத்தினால் படிக்கும் பெண்ணுக்கு இது எதுவும் போய்ச் சேராது. பத்துப் பலகை வைக்கிறீர்களா? மூன்றையாவது ஊருக்குள் மட்டும் அறியப்பட்ட செவிலியருக்கும் ஆசிரியைக்கும் ஒதுக்குங்கள். அவர்களைப் பற்றி வேறெங்கும் எழுத்தில் இருக்காது.

படத்தைச் செல்பேசியில் பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள். கண்ணாடியின் பளபளப்பு முகத்தில் விழும். அசலை வாங்கி ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். 6×9 செ.மீ. படத்தை ஏ4 அளவுக்குப் பெரிதாக்க 1200 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) வேண்டும், 300-இல் ஸ்கேன் செய்தால் முகம் மங்கிவிடும். பின்புறத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், ஆண்டு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். படத்துக்கும் வாசகத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்; உயிரோடு இருப்பவரானால் அவரிடமே.

பலகைக்கு ஏ2 அளவு, 5 மி.மீ. ஃபோம் போர்டு, மேட் லாமினேஷன். பளபளப்பான லாமினேஷனில் டியூப்லைட் எதிரொளித்து எழுத்தே தெரியாது. வாசகம் 24 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. மாணவிகள் படிப்பதற்கு என்பதால் பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெயில் படும் சுவர் வேண்டாம்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பு கொடுத்தால் அவர்கள் கணினியில் எழுத்துரு மாறி, கொம்பும் காலும் இடம் பெயர்ந்துவிடும். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கொடுங்கள். ஒரு பலகையை மட்டும் முதலில் அச்சடித்துக் குடும்பத்தாரிடம் காட்டுங்கள். பெயர், இனிஷியல், ஆண்டு மூன்றையும் அவர்கள் விரல் வைத்துப் படித்துச் சரி என்ற பிறகு மற்றவை அச்சேறட்டும். ஒவ்வொரு பலகையின் பின்புறமும் சேர்க்கை எண்ணையும் ஆதாரக் கோப்பு எண்ணையும் அழியாத மையில் எழுதி, கோப்பைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். தலைமையாசிரியர் அறையில் வைத்தால் அவர் மாறும்போது காணாமல் போகும்.