காட்போட் குட்டி வீடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் பலர் இந்த வேலையைக் கார்த்திகையில்தான் தொடங்குகிறார்கள். நத்தார் வருகிறது, பாலன் குடிலுக்குப் பக்கத்தில் நாலைந்து பழங்கால வீடுகள் இருந்தால் வடிவாக இருக்குமே என்ற ஆசை. முதல் தவறே அதுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மேலே விடாத மழை. மட்டை ஈரத்தை இழுத்து நெளியும், கம் காயாது, பூசிய நிறம் கையில் ஒட்டும். சுவரையும் கூரையையும் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியிலேயே முடித்துவிடுங்கள். மினுக்கம் தூவுவதையும் மரம் நடுவதையும் மார்கழிக்கு விட்டால் போதும்.

இந்தப் பாணி வீடுகள் 1920களின் கடைசியிலிருந்து ஜப்பானில் செய்யப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவை. மெல்லிய மட்டைச் சுவர், செலபேன் ஜன்னல், பனி போல மினுங்கும் கூரை, பின்சுவரில் பல்பு நுழைய ஓர் ஓட்டை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அந்த வரத்து தடைப்பட்டது. இன்று இவற்றைத் திரும்பச் செய்பவர்கள் இணையத்தில் போடும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் காய்ந்த அறைகளுக்கு எழுதியவை. 'ஒரு மணி நேரம் காயவிடவும்' என்று அதில் இருந்தால், மழைக்காலத்தில் இங்கே ஓர் இரவு என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மட்டை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டிச் சுவர் எழுப்புவார்கள். நடுவில் நெளி உள்ள அந்த மட்டை விளிம்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், மூலையில் மடங்காமல் நசியும். படம் வரையும் மெல்லிய பிரிஸ்டல் போட் இதற்கு நேர்மாறு, நிற்கவே தெம்பில்லை. பெரிய கொப்பிகளின் பின்மட்டை, சட்டைப் பெட்டி போல ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கெட்டி மட்டைதான் சரி. வெட்டுமுன் இரு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ, அந்த வளைவில் மடிப்பு விழும் கோட்டின் வாக்கில்தான் நார் ஓடுகிறது. சுவரின் மூலை மடிப்பு நாரோடு ஒத்துப்போக வேண்டும். குறுக்கே மடித்தால் மூலை வெடிக்கும்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரும்பு அடிமட்டத்தை வைத்து, புது பிளேட்டால் மூன்று நான்கு தடவை லேசாக இழுத்தால் போதும். மடிப்புக் கோட்டை வெளிப்பக்கத்தில் பாதி ஆழம் மட்டும் கீறி உள்ளே மடியுங்கள். கதவு, ஜன்னலையெல்லாம் சுவர் தட்டையாகக் கிடக்கும்போதே வெட்டிவிட வேண்டும். ஒட்டி நிறுத்திய சுவரில் ஜன்னல் வெட்டப் போனால் சுவர் போகும், இல்லாவிட்டால் விரல் போகும்.

கோதுமை மாப் பசை மலிவு, ஆனால் கரப்பானுக்கும் புத்தகப்பூச்சிக்கும் விருந்து. பைண்டர் கம் (புத்தகம் கட்டும் வெள்ளைப் பசை) எடுங்கள், அதையும் மெல்லியதாகப் பூசுங்கள். நிறம் பூசும்போது உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்த மட்டை சுருளத்தான் செய்யும்.

கூரைக்கு வருவோம். என் கணக்கில் ஒரு வீடு பழையதாகத் தெரிவதும் தெரியாததும் இங்கேதான். புளியந்தீவுப் பக்கம் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளைக் கவனித்தால் தெரியும்: அரைவட்ட ஓடு, தாழ்ந்து வரும் இறப்பு (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு), தூண் வைத்த விறாந்தை. அந்த ஓட்டுக்கு முன்னே ஒதுக்கிய ஃபிரிட்ஜ் பெட்டி உதவும். அதன் மேல்தாளை ஈரத்துணியால் ஒற்றி உரித்தால் வரிவரியாக நெளி வெளியே வரும். வரிகள் முகட்டிலிருந்து இறப்பை நோக்கி இறங்க வேண்டும். கிடையாக ஒட்டியவற்றை நிறையப் பார்க்கலாம், மழைத்தண்ணீர் எப்படி ஓடும் என்று யோசித்திருந்தால் அது நடந்திருக்காது. பிறகு முழுக் கூரைக்கும் ஒரே சிவப்பைப் பூசாதீர்கள். மழையில் கறுத்த ஓடு, பாசி பிடித்த ஓடு, இடையில் புதிதாக மாற்றிய இரண்டு ஓடு என்று கலந்து வர வேண்டும்.

அளவையும் முதலே முடிவு செய்யுங்கள். ஐம்பதில் ஒன்று என்றால் இரண்டு மீற்றர் கதவு நாலு சென்ரிமீற்றர், அறுபது சென்ரிமீற்றர் இறப்பு ஒன்றேகால் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஜப்பான் வீடுகள் இந்தக் கணக்கைப் பெரிதாகப் பார்த்ததில்லை, கதவு பெரிதாகவும் வீடு சிறிதாகவும் இருக்கும். அந்தப் பாணிதான் வேண்டும் என்றால் எல்லா வீட்டையும் அப்படியே செய்யுங்கள். ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்றால் குடிலே குழம்பும்.

பின்சுவர் ஓட்டையை மறந்து மூடிவிட்டால் பிறகு விளக்குப் போட வழியில்லை. விளக்கு எல்ஈடியாகவே இருக்கட்டும். சூடேறும் பழைய குமிழ்களை மட்டை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

மரத்துக்கு பிளாஸ்டிக் ஊசியிலை வாங்கத் தேவையில்லை. அந்த ஜப்பான் செட்டுகளிலேயே மரங்கள் பீர்க்கு நாரில் செய்தவைதான். அவசரப்பட்டுப் பச்சைக் காயைப் பறிக்காமல், கொடியிலேயே காயவிட்டு, தோல் நீக்கி, விதை உதறி, பச்சைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து வெட்டினால் அருமையாக வரும்.

நத்தார் முடிந்ததும் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி வைப்பவர்கள் அடுத்த வருடம் பூஞ்சணத்தைத்தான் அவிழ்ப்பார்கள். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றிரண்டைப் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். தரையோரம் வேண்டாம், கறையான் வரும்.