வாரண்டி முடியும் முன் டிஃபரன்ஷியலைப் பாருங்கள்

பின்சக்கர ஓட்டமுள்ள வண்டியோ 4x4 வண்டியோ வைத்திருந்தால், வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்துவிடுங்கள். டிஃபரன்ஷியல் என்பது இன்ஜின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. அதில் எண்ணெய் கசியும் இடங்கள் முக்கியமாக இரண்டு: கியர்பாக்ஸ் பக்கமிருந்து சக்தி கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் பினியன் சீல், சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட் பக்கத்து சீல். இதற்குள் இருக்கும் கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும். இன்ஜின் ஆயில் அல்ல என்று மூக்கே சொல்லிவிடும்.

கசிவைத் துடைக்காமல், கிலோமீட்டர் மீட்டரோடு சேர்த்துப் படம் எடுங்கள். சர்வீஸ் சென்டரில் "லேசான ஈரம்தான் சார், எல்லா வண்டியிலும் வரும்" என்பார்கள். ஈரம் படிவது வேறு, சொட்டுவது வேறு. எப்படியானாலும் புகாரை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுச் சீட்டு) எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாய்வார்த்தை நாளைக்கு நிற்காது. வாரண்டியில் காலம், கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

சீல் மாற்றும்போது பிரீதரையும் (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் சிறு காற்றுத் துளை) சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும். ஆயில் மட்டம் குறைந்த வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங்கும் கியரும் தேயும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் சீல் விலை ஒன்றுமே இல்லை.