போர்ட் ஆஃப் ஸ்பெயின் போகிறீர்களா?

கரீபியத் தீவு நாடான டிரினிடாட்-டொபாகோவின் தலைநகர் அது. பெட்டி கட்டும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ராணுவச் சீருடை போலத் திட்டுத்திட்டாக இருக்கும் 'கேமோ' டிசைன் சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளின் உடையில்கூட வேண்டாம். மின்சாரம் 115 வோல்ட். போன் சார்ஜர் வேலை செய்யும், நம்ம ஊர் இஸ்திரிப்பெட்டி சரியாகச் சூடேறாது.

ஊருக்குள் சுற்ற மாக்சி டாக்சி எனும் வேன்கள்தான் மலிவு. வெள்ளை வேனின் பக்கவாட்டுக் கோட்டின் நிறம்தான் வழித்தடம்: சிவப்பு கிழக்கே அரிமா பக்கம், பச்சை தெற்கே, மஞ்சள் மேற்கே. பெரும்பாலானவை சிட்டி கேட் நிலையத்திலிருந்து கிளம்பும். டாக்சி கார் என்றால் நம்பர் பிளேட் 'எச்' எழுத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறாதீர்கள். மீட்டர் கிடையாது. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள், டிரினிடாட் டாலரா அமெரிக்க டாலரா என்பதையும் சேர்த்து.

காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலைத் தேட வேண்டாம். தெருவோரத்தில் 'டபுள்ஸ்' கிடைக்கும்: 'பரா' எனும் பொரித்த மெல்லிய ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வம்சாவளியினர் உருவாக்கிய பண்டம், இறைச்சியும் இல்லை. மிளகாய் எவ்வளவு என்று கேட்பார்கள். 'ஸ்லைட்' (கொஞ்சம்) என்றே சொல்லுங்கள். நம்ம நாக்கு என்ற தெம்பெல்லாம் அங்கே செல்லாது!

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. கார்னிவல் திருவிழா சமயம் போவதானால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.