குழந்தையின் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது? வீட்டிலேயே போட்டுப் பார்க்கும் கணக்கு

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஒரு லேபில் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் ‘சீரம் கிரியாட்டினின் 0.9’, பக்கத்தில் இயல்பு அளவு 0.6–1.2. நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. ஆனால் அது பெரியவர்களுக்கான அளவு. 120 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு 0.9 என்றால் கிட்னியின் வேலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னிதான் அதை வடிகட்டி வெளியேற்றும். சின்ன உடம்பில் அது குறைவாகத்தான் இருக்க வேண்டும். கணக்கில் உயரம் நுழைவது அதற்காகத்தான்.

1. உயரம்
செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளங்கள். ஸ்கூல் டைரியில் ஜூன் மாதம் எழுதிய உயரம் வேண்டாம். அங்குலத்தில் இருந்தால் 2.54-ஆல் பெருக்குங்கள்.

2. ரிப்போர்ட்
கிரியாட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4-ஆல் வகுத்து மில்லிகிராமுக்கு மாற்றுங்கள். சோதனைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மெத்தட் இருக்கும். ‘என்சைமேட்டிக்’ என்றால் நல்லது. ‘ஜாஃபே’ என்றால் மஞ்சள் காமாலையில் குறைத்தும், கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேருவது) இருந்தால் கூட்டியும் காட்டலாம்.

3. கணக்கு
0.413 × உயரம் (செ.மீ.) ÷ கிரியாட்டினின்

0.413 × 120 = 49.56. அதை 0.9-ஆல் வகுத்தால் 55. இது கிட்னி வடிகட்டும் வேகம்: 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு, நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர். 2 வயதுக்கு மேல் 90-ஐத் தாண்டினால் இயல்பு. 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கிட்னி நோய். கைக்குழந்தைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது, அவர்களுக்கு இயல்பே குறைவு.

இது 2009-இல் வந்த ஷ்வார்ட்ஸ் சூத்திரம். பழைய குறிப்புகளில் 0.55 என்றிருக்கும், அதைப் போட்டால் இதே 55, 73 ஆகிவிடும்!

எங்கே சறுக்கும்
தசமத்தில்தான் முதலில். 90 செ.மீ. குழந்தைக்கு 0.3 என்றால் 124, 0.4 என்றால் 93. லேபில் இரண்டு தசமம் கேட்டு வாங்குங்கள். தசை நலிவோ ஊட்டச்சத்துக் குறைவோ உள்ள பிள்ளைக்குக் கணக்கு கூடுதலாகவே காட்டும். தசையை அவ்வளவாகச் சார்ந்திராத ‘சிஸ்டாட்டின் சி’ என்ற ரத்தச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கோ-ட்ரைமோக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிடும்போது கிட்னி கெடாமலே கிரியாட்டினின் ஏறும்.

வயிற்றுப்போக்கில் சிறுநீர் குறைந்திருந்தால் இந்தக் கணக்கே போடாதீர்கள். கிரியாட்டினின் ஏறவே நேரம் பிடிக்கும். கிட்னி நின்றுபோயிருந்தாலும் முதல் நாள் எண் நன்றாகவே வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.