டிக் சத்தத்தோடு நின்றுபோன கார்

மூன்று நாளாக எங்கள் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்', அவ்வளவுதான். பேட்டரி 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ் காட்டியது, ஹாரன் கணீரென்று அடித்தது. இருந்தும் புது பேட்டரி மாட்டிப் பார்த்தேன், பலனில்லை. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், அதில் குறையில்லை என்றார்.

அப்புறம்தான் கவனித்தேன்: நாலைந்து தடவை சாவி திருப்பியதும் ஆக்சிலரேட்டர் கேபிள் கை வைக்க முடியாமல் சுட்டது. எர்த், அதாவது கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழி, சரியில்லாததால் கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போயிருக்கிறது!

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி நெகட்டிவிலும் இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். 4 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது; தாண்டினால் எர்த்தில் எங்கோ தடை இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது, கழற்றினால்தான் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. அப்பாடா!