ஷிமோனடா ஸ்டேஷனுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜப்பானின் ஷிகோகு தீவில் கடலைப் பார்த்தபடி ஒரே ஒரு பிளாட்பாரம், ஒரே ஒரு தண்டவாளம். ஊழியர்கள் யாரும் கிடையாது. 1935இல் திறந்த ஷிமோனடா ஸ்டேஷன் இவ்வளவுதான். எனக்கு மிகப் பிடித்த இடம்.

பலர் தவறு செய்வது இங்கே வந்து அல்ல, அருகிலுள்ள பெரிய நகரமான மட்சுயாமாவில் ரயில் ஏறும்போதே. இந்த ஸ்டேஷன் இருக்கும் யோசான் ரயில் பாதை, முகாய்பாரா ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிகிறது. 1986இல் மலைப்பக்கமாக ஒரு குறுக்குப்பாதை போட்டார்கள். வழக்கமான எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. கடலோரத்துக்கு மிஞ்சியவை நின்று நின்று போகும் சின்ன டீசல் ரயில்கள். இரண்டு பாதையும் இயோ ஓசு ஸ்டேஷனில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறினால் கடலே கண்ணில் படாது. இயோ நகஹாமா கடலோரப் பாதையில் உள்ள ஸ்டேஷன்; "இயோ நகஹாமா வழியா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது, திரும்பும் ரயிலைப் பார்க்காமல் போவது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், சில வேளைகளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்கப்புறம் எந்த ரயில் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும்.

கார்டு தட்டும் மெஷினைத் தேட வேண்டாம், இங்கே இல்லை. டிக்கெட் இல்லாமல் ஏறினால் கதவோரம் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து எண் போட்ட சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் சாட்சி. ஓட்டுநருக்கு மேலே உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்குக் கீழே கட்டணம் மாறிக்கொண்டே வரும். சில்லறை வைத்திருப்பது நல்லது.

படங்களில் பிளாட்பாரத்தின் காலடியிலேயே அலை அடிப்பது போலத் தெரியும். உண்மையில் நடுவே நெடுஞ்சாலை 378 போகிறது. தாழ்வாக இருப்பதால் கேமராவில் விழுவதில்லை. ஒரு காலத்தில் கடலுக்கு மிக அருகிலுள்ள ஸ்டேஷன் என்றே இதைச் சொன்னார்கள். அலை எங்கே என்று ஏமாற வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், கூரைத் தூண்களுக்கு நடுவே கடல் மட்டும்தான் தெரியும்.

அந்த பெஞ்சைப் படத்துக்காக நெடுநேரம் பிடித்து வைக்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் ரயிலுக்குக் காத்திருக்கும் இடம் அது. படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கவே கூடாது, அது ரயில் ஓடும் பாதை. 'இயோனடா மோனோகதாரி' சுற்றுலா ரயில் வந்து நிற்கும் சில நிமிடங்களில் பிளாட்பாரம் நிரம்பிவிடும். அமைதி வேண்டுமென்றால், அது கிளம்பும்வரை ஓரமாக நின்றிருங்கள்.