வாத்து முட்டைக்குக் கோழிக் கணக்கு சரிவராது

யாழ்ப்பாணத்தில் வாத்து வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கோழியோடு பழகியவர்கள். முட்டை அடைவைக்கும்போதும் அதே கைப்பழக்கம்தான் முன்னுக்கு வருகிறது. தாராவைச் சொல்லவில்லை, நீண்ட கழுத்தை நீட்டி, படலையடியில் ஆளைக் கண்டால் சீறிக்கொண்டு வருமே, ஆங்கிலத்தில் கூஸ் (goose) என்கிற அந்தப் பெரிய வாத்து. கோழிக்கு 21 நாள் என்றால் இதற்கு 28 முதல் 32 நாள் வரை போகும்.

முதல் பிழை சோடி சேர்ப்பதில். இரண்டு வாத்தை வாங்கி விட்டால் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டும் பெட்டையாக இருந்தால் முட்டை வரும், அடையும் கிடக்கும், எல்லாம் கூமுட்டை. சீன வாத்தென்றால் ஆணுக்கு அலகின் மேலுள்ள முண்டு பெரிது, குரலும் கீச்சென்றிருக்கும். பெட்டையின் குரல் கட்டை. சந்தேகமென்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெட்டை போதும். முதல் வருட முட்டையில் கரு குறைவாகத்தான் பிடிக்கும், அதற்காக வாத்தை விற்றுவிடாதீர்கள். தண்ணீரில்தான் இவை நன்றாக இணைசேரும் என்பதால் கிணற்றடியில் ஒரு சின்னத் தொட்டி கட்டினால் நல்லது.

சேர்க்கும் முட்டையை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சுதான் கிருமியைத் தடுக்கிறது. வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்து, ஒரு கிழமைக்குள் அடைவைத்துவிட வேண்டும். அடைக்கோழியின் கீழ் வைப்பதானால் நாலைந்து முட்டைக்கு மேல் வேண்டாம். அந்தப் பாரமான முட்டையைக் கோழியால் சரியாகப் புரட்ட முடியாது; அது தீன் தின்னப் போகும் நேரம் பார்த்து நீங்கள்தான் புரட்டிவிட வேண்டும்.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் தோற்பது தண்ணீரில்தான். 'வாத்து நீர்ப்பறவை, ஈரம் நிறைய வேண்டும்' என்று முதல் நாளே தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். நமக்கோ கடற்காற்று. வெளியே 28, 30 பாகையில் ஈரப்பதம் 75, 80 வீதம் நிற்கும். அதே காற்று பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடானதும் ஈரப்பதம் 45, 50 வீதத்துக்கு இறங்கும். முதல் நாலு கிழமைக்குத் தேவையானதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் ஈரம் ஏறினால் முட்டைக்குள் இருக்கும் நீர் வெளியேறாது, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை சிறுத்துப்போகும், கடைசி நாளில் குஞ்சு மூச்சுமுட்டிச் செத்துக் கிடக்கும்.

ஈரப்பத மீற்றரை மட்டும் நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 160 கிராமில் வைத்த முட்டை இரண்டாம் கிழமை முடிவில் 150, ஓடு உடைக்கும் நேரம் 140 அளவுக்கு வந்திருக்க வேண்டும். குறைவது போதாதென்றால் தண்ணீர்த் தட்டை வெளியே எடுங்கள். பத்தாம் நாளிலிருந்து தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைத் திறந்து முட்டையை ஆறவிடலாம். தாய் வாத்தும் கூட்டைவிட்டு எழும்பிப் போய் வருவதுதானே. அதனால் கரண்ட் ஒரு மணித்தியாலம் போனால் பதறத் தேவையில்லை, மூடியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போட்டுவிடுங்கள்.

முட்டையைப் படுக்கையாக வைத்து நாளுக்கு நாலைந்து தரம் புரட்டுங்கள். 27ஆம் நாளோடு அதை நிறுத்தி, அப்புறம் ஈரத்தை 70 வீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றும் நேரம் இதுதான்.

ஓட்டில் ஓட்டை விழுந்ததும் கை பரபரக்கும். கோழிக்குஞ்சு அன்றே வந்துவிடும். வாத்துக்குஞ்சு ஒன்றரை நாள்கூட எடுக்கும். அந்த இடைவெளியில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது, சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. நகத்தால் ஓட்டை உரித்தால் இரத்தம் கசியும், பெரும்பாலும் குஞ்சு பிழைக்காது.

பொரித்தபின் புரொய்லர் தீனையே தொடர்ந்து போடாதீர்கள். புரதம் கூடினால் இறகின் நுனி வெளியே திரும்பிக்கொள்ளும். நயாசின் என்ற பி விற்றமின் குறைந்தால் கால் வளையும். தீனில் கொஞ்சம் ஈஸ்ட் கலந்தால் அந்தக் குறை தீரும். மூன்றாம் நாளிலிருந்தே இளம் புல்லை நறுக்கிப் போடலாம். இன்குபேட்டர் குஞ்சுக்கு, நனையாமல் காக்கும் தாயின் இறகெண்ணெய் கிடைக்காது, ஆகவே முதல் சில கிழமைக்குத் தொட்டியில் நீந்த விடவேண்டாம்.